115 ஜிபி ஜப்பான்: பழைய அசாசின்ஸ் கிரீட் ரசிகர் ஷேடோஸை விளையாடும் வழி

2009-ல் அசாசின்ஸ் கிரீட் 2-ன் நாயகன் எட்சியோவோடு ஃபிளாரன்ஸ் கூரைகளில் ஓடிப் பழகியவருக்கு, 2025 மார்ச் 20-ல் வந்த, ஜப்பானில் நடக்கும் வீடியோ கேமான அசாசின்ஸ் கிரீட் ஷேடோஸ் பிடிக்கவும் செய்யும், எரிச்சலும் மூட்டும். இருட்டில் பதுங்கிக் கூரை தாண்டும் ஸ்டெல்த் இந்தத் தொடரிலேயே மேலானது. அதைச் சுற்றிக் கட்டியிருக்கும் லெவல், லூட் (கைப்பற்றும் ஆயுதம், பொருள்), கொல்ல வேண்டிய ஆள் பட்டியல் எல்லாம் 2017-ல் இதே தொடரின் ஆரிஜின்ஸ் காலத்தில் ஒட்டிக்கொண்ட சுமை. அந்தச் சுமையில் எதைக் கழற்றலாம், எதைக் கழற்ற முடியாது என்று பார்ப்போம்.

இறக்கும் முன்

பிசியில் 115 ஜிபி இடம் வேண்டும், அதுவும் எஸ்எஸ்டியில். தினம் 2 ஜிபி மொபைல் டேட்டாவை நம்பினால் இரண்டு மாதம் ஆகும். 40 எம்பிபிஎஸ் ஃபைபரில் ஏறக்குறைய ஆறரை மணி நேரம், ராத்திரி போட்டுவிட்டுப் படுத்தால் விடிவதற்குள் முடிந்துவிடும். உங்கள் ஏரியாவுக்கு மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை அறிவித்திருக்கிறார்களா என்று அதற்கு முன் பார்த்துக்கொள்ளுங்கள்.

வீட்டு இன்வெர்ட்டரில் ‘ஈகோ’, ‘யுபிஎஸ்’ என்று ஒரு சுவிட்ச் இருக்கும். ஈகோவில் இருந்தால் கரன்ட் போய் பேட்டரிக்கு மாறும் கண நேரத்தில் டெஸ்க்டாப் ரீஸ்டார்ட் ஆகிவிடும். யுபிஎஸ் பக்கம் தள்ளி வையுங்கள். சண்டை நடுவே சேவ் செய்ய இந்த கேம் விடாது. கோட்டைச் சுவர் ஏறுவதற்கு முன்பே ஒரு சேவ் போட்டுவிடுவது நல்லது.

குறைந்தபட்சம் 16 ஜிபி ரேமும் 8 ஜிபி கிராபிக்ஸ் மெமரியும் தேவை. ஏப்ரல், மே மாத சேலத்து வெயிலில் லேப்டாப்பில் விளையாடுவதானால் ஃபிரேம் ரேட்டை 30-க்குக் கட்டிவிடுங்கள், ரே டிரேசிங்கை (ஒளியை நிஜம்போல் கணக்கிடும் வசதி) இருப்பிடத்துக்கு, அதாவது கேமில் நீங்கள் கட்டும் மறைவிடத்துக்கு மட்டும் என்று வையுங்கள். அப்போதும் இருப்பிடத்துக்குள் நுழைந்தால் ஓட்டம் கொஞ்சம் திக்கும். அதைப் பார்த்து, கார்டு தாங்கவில்லை என்று எல்லா செட்டிங்கையும் குறைத்துவிடாதீர்கள். வெளி உலகம் அதைவிட லேசாக ஓடும்.

இரண்டு செட்டிங், சேர்த்தே

பழைய ரசிகர் முதலில் கடுப்பாகும் இடம் இது: பின்னால் போய்க் கழுத்தில் கத்தி சொருகினால், லெவல் கூடிய ஆள் பாதி உயிரோடு திரும்பி நின்று கத்துவான். கேம்பிளே செட்டிங்ஸில் உறுதியான கொலைக்கு ஒரு தேர்வு இருக்கிறது, அதை ஆன் செய்யுங்கள். அதோடு நிறுத்தினால் ஆட்டம் சப்பென்று ஆகிவிடும். ஸ்டெல்த் கடினத்தை எக்ஸ்பர்ட்டுக்கு ஏற்றுங்கள். அப்போது காவலர்கள் கூரையையும் நிமிர்ந்து பார்ப்பார்கள், கத்தி பட்டவன் சாவான், பார்வையில் பட்டால் நீங்கள் சாவீர்கள். பழைய கணக்கு திரும்பிவிட்டது.

வழிகாட்டும் குறியை ஆஃபிலேயே விடுங்கள். இலக்கு எந்த மாகாணம், எந்த ஊருக்கு எந்தத் திசை என்று துப்பு வரும். மூன்று துப்பையும் வரைபடத்தில் பொருத்திப் பார்த்த பிறகுதான் ஒற்றரை அனுப்ப வேண்டும். அவசரப்பட்டு அனுப்பி வட்டம் இலக்கைத் தொடாமல் போனால் அந்த ஒற்றர் வீண், பருவம் மாறும்வரை பொறுக்க வேண்டும், இல்லையென்றால் கேமில் காசு கொடுத்து நிரப்ப வேண்டும். உரையாடலில் எதைத் தேர்ந்தெடுப்பது என்று குழம்ப விருப்பமில்லாதவர்களுக்கு கேனன் மோட் உண்டு, புதிய ஆட்டம் தொடங்கும்போதே அதைப் போட்டுவிடுங்கள். குரலை இம்மர்சிவ் மோடில் வைத்தால் ஜப்பானியர் ஜப்பானிய மொழியிலும் பாதிரிமார் போர்ச்சுகீசிலும் பேசுவார்கள். இங்கிலீஷ் குரலுக்கு அது எவ்வளவோ மேல்.

மலையில் குறுக்கே ஏறாதீர்கள்

ஏற்காட்டுக்கு 20 கொண்டை ஊசி வளைவு எதற்கு, நேராக ஏறினால் என்ன என்று யாரும் வண்டியைக் காட்டுக்குள் விடுவதில்லை. இந்த கேமில் எல்லோரும் அதைத்தான் செய்கிறார்கள். இதே தொடரின் ஆடிசியில் எந்தப் பாறையிலும் பல்லி மாதிரி ஏறிய பழக்கம் அது. இங்கே சரிவு வழுக்கிக் கீழே தள்ளும், மரம் அடர்ந்து குதிரை முட்டி நிற்கும், கேமரா முழுக்க இலை. ஐந்து நிமிடம் போராடியும் நூறு அடி நகர்ந்திருக்க மாட்டீர்கள். இலக்கைக் குறித்துவிட்டு, வழிகாட்டும் கோடு ஒன்றைத் தரையில் வரவழைத்துக் குதிரையைச் சாலையில் தானாக ஓட விடுங்கள். சுற்று வழிதான், ஆனாலும் சீக்கிரம் போய்ச் சேரும். மழையில் மூங்கில் ஆடுவதைப் பார்க்கவும் அப்போதுதான் நேரம் கிடைக்கும்.

கோட்டைக்குள்

இந்த கேமின் உயிர் இங்கேதான். சங்ககிரிக் கோட்டை ஏறியவர்களுக்கு இந்த அமைப்பு பழகினது: ஒரு வாசலைத் தாண்டினால் இன்னொரு வாசல், ஒவ்வொன்றுக்கும் ஒரு சுவர், உச்சியில்தான் முக்கியமான இடம். ஜப்பானியக் கோட்டையில் அந்த உச்சிக் கட்டடத்துக்குப் பெயர் தென்ஷு. அங்கே இருக்கும் பெரிய பெட்டியைத் திறக்க, வளாகத்துக்குள் சுற்றும் சாமுராய் தைஷோ என்ற பலசாலிக் காவலர் எல்லோரையும் முடித்திருக்க வேண்டும்.

கேமில் இரண்டு நாயகர்கள்: பதுங்கித் தாக்கும் நிஞ்சாப் பெண் நாவோயே, சாமுராய் யாசுகே. நாவோயேவோடு ராத்திரியில் போங்கள். வெளிச்சுவரில் கொக்கிக் கயிறு போட்டு ஏறி, உடனே குதிக்காமல் மேலேயே படுத்து, கழுகுப் பார்வையில் தைஷோக்கள் யார் யார் என்று எண்ணிக்கொள்ளுங்கள். திரையில் ஒளி அளவு காட்டும் குறியின் மேல் ஒரு கண் இருக்கட்டும். நிழலில் இருக்கும்வரை பக்கத்தில் நடப்பவன்கூட உங்களைப் பார்ப்பது சிரமம். வழியில் விளக்கு இருந்தால் ஷுரிகென் (எறியும் சிறு இரும்புத் தகடு) எறிந்து அணைக்கலாம், ஆனால் காவலன் அதே பக்கம் பார்த்துக்கொண்டிருக்கும்போது அணைத்தால் தேடி வருவான். அவன் திரும்பும்வரை பொறுங்கள். ஓரமாக நிற்பவனை மணி எறிந்து இருட்டுப் பக்கம் இழுத்து முடித்துவிட்டு, உடலைப் புதரில் போடுங்கள். பலரும் தவறுவது இந்தக் கடைசி வேலையில்தான். உடல் வெளிச்சத்தில் கிடந்தால் மணி அடிப்பார்கள், அதன் பிறகு வளாகம் முழுக்க விழித்துக்கொள்ளும்.

பருவத்தையும் கணக்கில் எடுங்கள். குளிர்காலத்தில் குளம் உறைந்துவிடும், தண்ணீருக்குள் மூங்கில் குழாயில் மூச்சு விட்டு ஒளிய முடியாது. கூரை விளிம்பில் தொங்கும் பனிக்கட்டி உடைந்து விழுந்தால் சத்தம் காட்டிக்கொடுக்கும். புல் உயர்ந்து நிற்கும் கோடைதான் புதிதாகக் கற்பவருக்கு வசதி.

ஓமி மாகாணத்தில் அசுச்சிக் கோட்டையை விட்டுவிடாதீர்கள். நிஜக் கோட்டை 1582-ல், அதைக் கட்டிய போர்த்தலைவர் நொபுநாகா ஹொன்னோ-ஜி கோயிலில் மாண்ட சில நாளில் எரிந்துபோனது. இன்று கல் அடித்தளம்தான் மிச்சம். அதன் உச்சிவரை ஏறிப் பார்க்க இப்படி ஒரு வழி கிடைத்ததற்காகவே இந்த கேமின் பாதிப் பிழையை மன்னிக்கலாம்.

யாசுகேவை எப்போது எடுப்பது

தொடக்கக் காட்சியை விட்டால், முதல் 10 மணி நேரத்துக்கு மேல் நாவோயே மட்டும்தான். பிறகு வரும் யாசுகே கதவை உடைத்து நுழைவார், கனாபோ என்ற கனமான தடியை ஓங்கினால் நாலு பேர் பறப்பார்கள். கழுகுப் பார்வை கிடையாது, பல சுவரில் ஏற வராது, உயரத்திலிருந்து வைக்கோலில் குதித்தால்கூடத் தட்டுத் தடுமாறித்தான் எழுந்து வருவார். இதை வேண்டுமென்றே சிரிப்பாகவே செய்திருக்கிறார்கள். கேள்வி என்னவென்றால், அசாசின் கேமில் பாதியை ஏறத் தெரியாதவரோடு ஏன் கழிக்க வேண்டும்? நேருக்கு நேர் சண்டை தவிர்க்க முடியாத மிஷனுக்கு மட்டும் அவரை எடுங்கள். அந்த இடங்களில் நாவோயேவோடு மல்லுக்கட்டினால் நாலு அடியில் விழுந்துவிடுவார்.

கழற்ற முடியாதவை

மாகாணத்துக்கு மாகாணம் லெவல் மாறுவதை எந்த செட்டிங்கும் முழுக்க அழிக்காது. உறுதியான கொலை கத்தி வேலையை மட்டும்தான் காப்பாற்றும், நேர்ச் சண்டையில் லெவல் கூடிய ஆள் இரண்டு அடியில் சாய்த்துவிடுவான். ஆகவே ஒரு டான்டோவையும் (குறுவாள்) ஒரு கட்டானாவையும் (நீள வாள்) தேர்ந்தெடுத்து, பட்டறையில் அவற்றை மட்டும் மேம்படுத்துங்கள். மீதி லூட்டை உடைத்துப் பொருளாக்குங்கள் அல்லது விற்றுவிடுங்கள், ஒவ்வொன்றாக ஒப்பிட்டுக்கொண்டிருந்தால் மாலை நேரம் அதிலேயே போய்விடும். இந்தத் தொடரில் வழக்கமாக வரும், இன்றைய காலத்தில் நடக்கும் கிளைக் கதையில் இங்கே சத்து இல்லை, அதைத் தேடி அலைய வேண்டாம்.

இலக்குப் பலகையில் முகங்கள் வட்டம் வட்டமாக நிறையும். அது முழுக்கச் செய்து முடிக்க வேண்டிய பட்டியல் இல்லை. முக்கிய எதிரிக் கூட்டமான ஷின்பகுஃபு வட்டத்தையும், நாவோயே, யாசுகே இருவரின் சொந்தக் கதையையும் எடுங்கள். அதற்கே 30 முதல் 40 மணி நேரம் ஆகும். வழியில் தானாகவே எதிரே வந்த ஆளை முடியுங்கள், வராதவனைத் தேடிப் போக வேண்டாம். கதை முடிந்த கையோடு அன்இன்ஸ்டால் செய்து எஸ்எஸ்டியைக் காலி செய்துவிடலாம். சேவ் கிளவுடில் இருக்கும், அசுச்சி உச்சியை மறுபடி பார்க்கத் தோன்றினால் இன்னொரு ராத்திரி டவுன்லோடு போட்டுக்கொள்ளலாம்.