தாளம் தப்பிய ஸ்பீட் பேக்: என் அனுபவம்

மொட்டை மாடிக் கொட்டகையில் குத்துச்சண்டைப் பயிற்சிக்காக ஒரு ஸ்பீட் பேக் மாட்டினேன்; மேல்பலகைக்கு அடியில் தொங்கி, குத்தும்போது அதில் மோதித் துள்ளும் காற்றடைத்த சிறு பை அது. அதில் ஐந்தாறு குத்துகளுக்கு மேல் என்னால் தொடர முடியவில்லை; அதற்குள் பை பக்கவாட்டில் விலகி, தாளம் அறுந்துவிடும். முதலில் பை தொங்கும் சுழல் கொக்கியைச் சந்தேகித்து எண்ணெய் விட்டேன், பிறகு புதிதாகவே மாற்றினேன். மேல்பலகையின் போல்ட்டுகளை இறுக்கினேன்; பலகை ஆடினால் பையின் துள்ளல் குன்றும் என்பதால் அது செய்ய வேண்டிய வேலைதான், ஆனால் கோளாறு தீரவில்லை. பையின் பருத்த பகுதி என் வாய்க்கு நேராக வரும்படி இறக்கியும் பார்த்தேன். ஒன்பது நாட்கள் இப்படியே போயின.

பிறகுதான் காதால் கவனித்தேன். ஒவ்வொரு குத்துக்குப் பின்னும் பை பலகையில் மூன்று முறை மோத வேண்டும்: அப்புறம், இப்புறம், மறுபடி அப்புறம். எனக்கோ அந்த மூன்று ஓசைகளும் ஒன்றாக உருண்டு கேட்டன. நான் வாங்கியிருந்தது 6-க்கு 9 அங்குலச் சிறிய பை. எடை குறைவு, வேகம் அதிகம், பழகிய கைகளுக்கே அது பொருந்தும். 8-க்கு 11 அங்குலப் பையை மாட்டியதும், கனம் கூடியதால் அது நிதானமாகத் திரும்பியது. ஆயினும் துடிப்பு முழுதாக அடங்கவில்லை.

மிச்சக் குறை காற்றில் இருந்தது. கல்லாக இறுகியிருந்த பையில், கட்டைவிரலுக்கு லேசாகக் குழியும் வரை காற்றை இறக்கினேன். காற்றை இறக்க உதவும் ஊசியை நனைத்துச் செருகுவது அவசியம். உலர்ந்த ஊசி உள்ளிருக்கும் ரப்பர் பையைக் கிழித்துவிடும். அன்று மாலை மூன்று ஓசைகளும் பிரிந்து கேட்க, இரண்டு நிமிடங்கள் நிறுத்தாமல் அடித்தபோது பெரும் நிம்மதி. சிறிய பையைக் காற்றிறக்கி எடுத்து வைத்திருக்கிறேன்.