பினாங்கில் வீடு தேடுகிறீர்களா? முதலில் பாலத்தைப் பாருங்கள்

கோலாலம்பூரிலிருந்து மாற்றலாகி வருகிறவர்கள், "அக்கா, எந்தப் பக்கம் வீடு பார்க்கலாம்?" என்று கேட்பார்கள். வாடகைக் கணக்கு அப்புறம். பினாங்கு பாதி தீவு, பாதி பெருநிலம், நடுவில் கடல்மேல் பாலம். வேலை எந்தக் கரையில்? தீவிலும் பெருநிலத்திலுமாக ஐந்து வீடு மாறியவள் சொல்கிறேன், அதுதான் முதல் கேள்வி.

பெருநிலத்தில் பட்டர்வொர்த், புக்கிட் மெர்தாஜாம் பக்கம் அதே வாடகைக்குப் பெரிய வீடு கிடைக்கும். தமிழ்ப்பள்ளிகளும் அங்கேதான் அதிகம். மாநிலத்தில் உள்ள 28இல் தீவில் இருப்பவை கொஞ்சம்தான். ஆனால் வேலை தீவில் உள்ள பாயான் லெப்பாஸில் என்றால் தினமும் பாலம் ஏற வேண்டும். தீவுக்குப் போகும்போது மட்டும்தான் டோல், முதல் பாலத்தில் காருக்கு 5.74 வெள்ளி (ரிங்கிட்). மாதம் 22 நாளுக்குச் சுமார் 126 வெள்ளி, பெட்ரோல் தனி. மோட்டார் சைக்கிளுக்கு 2019 முதல் டோல் கிடையாது. என் வீட்டுக்காரர் மூன்று வருடம் அப்படித்தான் போனார். கடல்மேல் எட்டு கிலோமீட்டர் மழையில் நனைந்து போவதால் மாற்றுச் சட்டை ஒன்று எப்போதும் பிளாஸ்டிக் பையில் இருக்கும். பெருநிலத்தின் தெற்கே பத்து காவான் பக்கம் வீடு எடுத்தால் 2014இல் திறந்த இரண்டாவது பாலம் இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை வீடு பார்த்துவிட்டு ஏமாறாதீர்கள். வேலை நாளில் காலை ஏழு மணிக்கு ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். தீவின் மலைக்கு அந்தப் பக்கம் உள்ள பாலேக் பூலாவுக்கும் இதே சோதனைதான். டுரியான் தோட்டமும் காற்றும் அருமை, மலை வளைவில் தினமும் போய்வர முடியுமா என்பதுதான் விஷயம்.

ஜார்ஜ்டவுனில் கோயிலும் லிட்டில் இந்தியாவும் நடக்கிற தூரம். அங்கேதான் நான் சூடுபட்டேன். ஜாலான் பி. ராம்லி பக்கம் ஜனவரி வெயிலில் ஒரு தரைவீட்டைப் பார்த்தேன். பக்கத்து வீட்டில் ஐஸ்பெட்டி நான்கு செங்கல் மேல் நின்றது. ஏதோ பழக்கம் என்று நினைத்துக்கொண்டேன். அக்டோபரில் தண்ணீர் வீட்டுக்குள் வந்தபோதுதான் செங்கல் புரிந்தது. ஆகவே சுவரில் தண்ணீர்க் கறை இருக்கிறதா பாருங்கள், பசியாறும் கடையில் விசாரியுங்கள். வீட்டு முகவர் இதையெல்லாம் சொல்ல மாட்டார்.

கையில் மூன்றரை மாத வாடகை வேண்டும்: இரண்டு மாத டெபாசிட், தண்ணீர், மின்சாரத்துக்கு அரை மாதம், முதல் மாத வாடகை. சாவி வாங்கும் அன்றே மீட்டர்களைப் படம் எடுத்து வையுங்கள். முன்பிருந்தவர் வைத்துவிட்டுப் போன 83 வெள்ளி பாக்கியை நான் கட்டியிருக்கிறேன்.