இடி மின்னலுக்கு பிளக்கை மட்டும் கழற்றினால் போதாது

மானம் இருட்டிக்கொண்டு வந்தால் டிவி, ரவுட்டர் பிளக்குகளோடு அன்டெனா வயரையும் டெலிபோன் வயரையும் சேர்த்துக் கழற்றி விடுங்கள். சுவிட்சை ஓஃப் பண்ணுவது கணக்கில்லை. மின்னலின் வோல்டேஜ் சுவிட்சுக்குள் இருக்கும் சின்ன இடைவெளியைத் தாண்டிப் பாயும்.

கரண்ட் லைனைப் போலவே அன்டெனா வயரும் டெலிபோன் லைனும் உலோகக் கம்பிதான். மின்னல் எங்கோ பக்கத்தில் விழுந்தாலே இவற்றில் வோல்டேஜ் எகிறும், அது நேரே டிவி, ரவுட்டருக்குள் போர்டில் இருக்கும் ஐசி எனும் சின்னச் சிப்புக்குப் போகும். ட்ரிப் சுவிட்ச் இதைத் தடுக்காது. அது கரண்ட் கசிவுக்கானது. திடீரென எகிறும் வோல்டேஜைத் தடுக்கும் சேர்ஜ் புரொடெக்டர் ஓரளவு தாங்கும். ஆனால் அதற்குள் அந்த அடியை வாங்கிக்கொள்ளும் வேரிஸ்டர் என்ற காசு வடிவப் பாகம் ஒவ்வொரு அடியிலும் கொஞ்சம் தேயும். பல வருடம் பழையது என்றால் அது வெறும் எக்ஸ்டென்ஷன் கோட் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

ஃபைபர் இணைப்பு என்றால் அந்த மெல்லிய கேபிளை விட்டுவிடலாம். கண்ணாடி இழையில் மின்சாரம் ஓடாது, கழற்றப் போய் முறிப்பதுதான் மிச்சம். அதன் பவர் அடாப்டரைக் கழற்றினால் போதும்.

மின்னல் வெட்டி 30 வினாடிக்குள் இடி கேட்டால் அது ஏறத்தாழ 10 கிலோமீட்டருக்குள் வந்துவிட்டது. அப்போது எந்த வயரிலும் கை வைக்க வேண்டாம், டிவி போனால் போகட்டும். கொழும்பில் ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் இடி பெரும்பாலும் பின்னேரத்தில்தான். அந்த மாதங்களில் காலையில் வேலைக்குப் போகும்போதே கழற்றி வைப்பது நல்லது.