குளியலறைச் சாமான்கள்: கடைக்குப் போகும் முன்பே நேர்ந்துவிடும் தவறுகள்

கடலூரிலும் புதுச்சேரியிலும் புதுவீடு கட்டுகிறவர்கள் பலர், டைல்ஸ் ஒட்டி முடித்து, கிரகப்பிரவேசத்துக்கு நாள் குறித்த பிறகுதான் குழாய், ஷவர், கிளாசெட் வாங்கக் கடை ஏறுகிறார்கள். குளியலறையில் பெரும்பாலான தவறுகளுக்கு இந்த வரிசைக் குழப்பமே காரணம். பிளம்பர் சுவரைக் கொத்திக் குழாய் பதிக்கும் நாளிலேயே பாதிச் சாமான்கள் முடிவாகிவிடுகின்றன. அதற்குப் பிறகு நாம் தேர்ந்தெடுப்பது நிறத்தையும் வடிவத்தையும் மட்டுமே.

மஞ்சக்குப்பத்தில் நாங்கள் வீடு கட்டியபோது இதே தவறை நானும் செய்தேன். கிளாசெட்டை இறக்கிப் பெட்டியைப் பிரித்துத் தரையில் வைத்துப் பார்த்த பிளம்பர், அளவு டேப்பை இருமுறை நீட்டி மடக்கிவிட்டு, “சார், இது ஒன்பது இஞ்சு. நம்ம லைன் பன்னெண்டு இஞ்சுல இருக்கு” என்றார். கழிவு தரை வழியே இறங்கும் எஸ் ட்ராப் கிளாசெட்டுகளில், டைல்ஸ் ஒட்டி முடித்த பின்சுவரிலிருந்து கழிவுக்குழாயின் நடுப்பகுதி வரையுள்ள தூரம் மாடலைப் பொறுத்து 4, 9 அல்லது 12 அங்குலமாக இருக்கும். கழிவு சுவர் வழியே வெளியேறும் பி ட்ராப் வகையில் குழாயின் நடுப்பகுதி தரையிலிருந்து பெரும்பாலும் 180 மி.மீ. உயரத்தில் அமையும். எங்கள் கிளாசெட்டை அப்படியே பொருத்தினால் சுவருக்கும் அதற்கும் நடுவே மூன்று அங்குல இடைவெளி விழும். பெட்டியைப் பிரித்துவிட்டதால் கடைக்காரர் திரும்ப எடுத்துக்கொள்ளவும் இல்லை. ஆகவே கிளாசெட்டை முன்கூட்டி வாங்க முடியாவிட்டாலும் மாடலையாவது முடிவு செய்து, அதன் அளவுத்தாளைக் கடையில் கேட்டு வாங்கிக் கழிவுக்குழாய் பதிப்பதற்கு முன்பே பிளம்பர் கையில் கொடுத்துவிட வேண்டும். அளவெடுக்கும்போது பூச்சுக்கும் டைல்ஸுக்கும் சேர்த்து ஓர் அங்குலத்துக்கு மேல் சுவர் முன்னே வரும் என்பதையும் அவருக்கு நினைவூட்ட வேண்டும்.

அடுத்த தவறு, வீட்டுத் தண்ணீரை அறியாமல் சாமான் வாங்குவது. கடலோரத்தில் போர் போட்டவர்களுக்கு உப்புத் தண்ணீர் புதிதல்ல. ஆனால் “எங்கள் தண்ணீர் கொஞ்சம் உப்பு” என்று சொல்வதை வைத்துக் குழாயைத் தேர்ந்தெடுக்க முடியாது. இந்தியத் தரநிலை ஐ.எஸ். 10500, குடிநீரில் கரைந்துள்ள உப்புகளுக்கு லிட்டருக்கு 500 மில்லிகிராமையும், கடினத்தன்மைக்கு 200 மில்லிகிராமையும் ஏற்கத்தக்க அளவாக வைத்து, வேறு நீர் ஆதாரம் இல்லாத இடத்தில் முறையே 2000, 600 வரை அனுமதிக்கிறது. குளிக்கும் தண்ணீருக்கு இந்த வரம்பு பொருந்தாதென்றாலும், நம் போர் தண்ணீர் எந்த நிலையில் இருக்கிறது என்று ஒப்பிட்டுப் பார்க்க இந்த எண்கள் போதும். கரைந்த உப்பைக் கைக்கு அடக்கமான டி.டி.எஸ். மீட்டர் காட்டிவிடும், கடினத்தன்மைக்கும் குளோரைடுக்கும் பரிசோதனைக்கூடத்தில்தான் கொடுக்க வேண்டும். குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்டப் பரிசோதனைக்கூடத்தில் சிறு கட்டணத்தில் இதைச் செய்து தருகிறார்கள்.

அந்த அறிக்கை கையில் இருந்தால் பல ஆசைகள் தாமாகவே அடங்கிவிடும். கடினத்தன்மை மிகுந்த தண்ணீரில், ஷோரூம் விளக்கில் மின்னும் கறுப்பு மேட் குழாய் சில வாரங்களிலேயே வெள்ளைப் புள்ளி பூத்து நிற்கும். சாதாரண குரோம் முலாம் இதே கறையை அவ்வளவாகக் காட்டாது. ஷவர் வாங்கும்போது துளைகள் மென்மையான சிலிக்கோன் முனைகளாக இருக்கின்றனவா என்று தொட்டுப் பார்க்க வேண்டும். அப்படியிருந்தால் அடைத்த உப்பைக் கட்டைவிரலால் தேய்த்தே உதிர்த்துவிடலாம். குழாய் முனையில் உள்ள வலை கையாலோ ஒரு சிறு சாவியாலோ கழன்று வரவேண்டும். கழலாத வலை அடைத்துக்கொண்டால் குழாயையே குறை சொல்லிக்கொண்டிருப்போம்.

உலோகத்தைப் பற்றி நம் பக்கத்தில் நிலவும் நம்பிக்கைகளில் இரண்டு தவறானவை. காந்தம் ஒட்டாவிட்டால் நல்ல எவர்சில்வர் என்பது ஒன்று. 304, 202 ஆகிய இரண்டு ரகங்களிலுமே காந்தம் ஒட்டாது. வேறுபாடு உள்ளே இருக்கும் நிக்கலில் இருக்கிறது. 304 ரகத்தில் நிக்கல் ஏறக்குறைய 8 சதவீதம். 202 ரகத்தில் அதைக் குறைத்து மாங்கனீசைக் கூட்டியிருப்பார்கள். தேவனாம்பட்டினம், வீராம்பட்டினம் போன்ற கடலோர ஊர்களில், துண்டு தொங்கவிடும் கம்பியிலும் தண்ணீர் வடியும் தரை ஜாலியிலும் முதலில் துரு காட்டுவது இந்த 202 ரகம்தான். கடலுக்கு மிக அருகில் இருப்பவர்கள் மாலிப்டினம் சேர்ந்த 316 ரகம் கிடைத்தால் கூடுதல் விலை கொடுத்தே வாங்கலாம். இரண்டாவது நம்பிக்கை, மினுமினுப்பாக இருந்தால் பித்தளை என்பது. துத்தநாகக் கலவையில் வார்த்த குழாய்க்கும் அதே குரோம் முலாம்தான் பூசுகிறார்கள். ஒரே அளவுள்ள இரண்டு குழாய்களை இரு கைகளிலும் வைத்துப் பார்த்தால் பித்தளையின் கனம் பெரும்பாலும் தெரிந்துவிடும். தெரியாவிட்டால் மரை உள்ள பின்பக்கத்தைத் திருப்பிப் பார்க்கலாம், அங்கே முலாம் படாத இடத்தில் மஞ்சள் நிறம் தெரிய வேண்டும். கைப்பிடி துத்தநாகக் கலவையாக இருப்பதில் குறையில்லை. தண்ணீர் ஓடும் உடல் அப்படி இருக்கக்கூடாது.

மொட்டைமாடிக்கும் கொல்லைப்புறத்துக்கும் பித்தளையே வேண்டும் என்று பிடிவாதம் பிடிப்பதும் வீண்செலவு என்பது என் கருத்து. ஐ.எஸ்.ஐ. முத்திரையுள்ள பி.டி.எம்.டி. பிளாஸ்டிக் குழாய் உப்புத் தண்ணீரில் அரிக்காது. அதில் மிச்சமாகும் பணத்தைக் குளியலறைச் சுவருக்குள் போடலாம்.

சிக்கனம் செய்யவே கூடாத இடம் அந்தச் சுவரின் உட்புறம்தான். வெளியே தொங்கும் ஷவர் பிடிக்காவிட்டால் பத்து நிமிடத்தில் மாற்றலாம். உள்ளே பதிந்த டைவர்ட்டரோ (தண்ணீரைக் குழாய்க்கும் ஷவருக்கும் மாற்றிவிடும் வால்வு) எல்போவோ (குழாய் வளைவு இணைப்பு) கசிந்தால் டைல்ஸை உடைத்தாக வேண்டும், ஐந்தாண்டு கழித்து அதே டைல்ஸ் கடையில் கிடைக்காது. எனவே குழாய் பொருந்தும் ஒவ்வொரு முனையிலும் முழுப் பிளாஸ்டிக் எல்போவைத் தவிர்த்து, பித்தளை மரை பதித்த எல்போவையே போடச் சொல்ல வேண்டும். வெந்நீர்ப் பாதைக்கு யு.பி.வி.சி. பிளாஸ்டிக் குழாய் ஆகாது, வெப்பம் தாங்கும் சி.பி.வி.சி. வேண்டும். சுவருக்குள் போகும் டைவர்ட்டரை உதிரி பாகம் உள்ளூரில் கிடைக்கும் நிறுவனத்தின் தயாரிப்பாகப் பார்த்து வாங்குவது நல்லது. பதித்து முடித்ததும் எல்லா முனைகளையும் பிளக் போட்டு மூடி, பம்ப் வைத்து அழுத்தம் ஏற்றி, அழுத்தமானியின் முள் இறங்குகிறதா என்று ஒரு நாள் பார்த்த பிறகே பூச்சுவேலைக்கு அனுமதிக்க வேண்டும். “நேரமாகுது சார்” என்று கொத்தனார் அவசரப்படுத்தத்தான் செய்வார்.

அழுத்தம் என்றதும் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பத்து மீட்டர் உயரத் தண்ணீர்தான் ஏறத்தாழ ஒரு பார் அழுத்தம் தரும். மாடியில் உள்ள தொட்டியின் அடிப்பகுதிக்கும் ஷவருக்கும் மூன்று மீட்டர் வித்தியாசம் இருந்தால் கிடைப்பது 0.3 பார் மட்டுமே. தொட்டிக்கு நேர் கீழேயுள்ள மேல்தளக் குளியலறையில் அதுவும் இராது. விடுதிகளில் கண்டு மயங்கிய அகலமான மழை ஷவரை அங்கே மாட்டினால் தண்ணீர் சொட்டுச் சொட்டாகத்தான் விழும். அளவுத்தாளில் குறைந்தபட்ச அழுத்தம் எவ்வளவு என்று குறிப்பிட்டிருப்பார்கள். அது ஒரு பார் என்று இருந்தால், தனியாக அழுத்த மோட்டார் வைக்க மனமில்லாதவர்கள் அந்த மாடலை விட்டுவிட்டுச் சிறிய ஷவரை வாங்குவதே லாபம்.

விலை உயர்ந்த குழாயை வாங்கிப் பொருத்திய முதல் வாரத்திலேயே கெடுத்துக்கொள்ளும் வழி ஒன்றும் உண்டு. டைல்ஸ் இடுக்குகளில் பூச்சு அடைத்த பிறகு, மேலே படிந்த சிமெண்டைப் போக்க வேலையாட்கள் ஆசிட் ஊற்றிக் கழுவுகிறார்கள். அந்த ஆசிட் மேலே படவேண்டும் என்பதில்லை. சன்னல் மூடிய சிறு அறையில் அதன் புகையே குரோம் முலாமையும் எவர்சில்வரையும் மங்கச் செய்துவிடும். எங்கள் வீட்டில் புதிய துண்டுக்கம்பி ஒரே இரவில் பழுப்பேறியிருந்ததைக் கண்டு, கம்பியை விற்றவரிடம் சண்டைக்குப் போய், பிறகு காரணம் தெரிந்து வெட்கப்பட்டது நினைவிருக்கிறது. ஆசிட் கழுவல் முடிந்து, நிறையத் தண்ணீர் விட்டு அலசி, அறை காய்ந்த பிறகுதான் சாமான்களைப் பெட்டியிலிருந்து எடுக்க வேண்டும். அதேபோல் குழாய்களை மாட்டுவதற்கு முன் எல்லா முனைகளையும் திறந்துவிட்டுத் தண்ணீரை ஓடவிடாவிட்டால், உள்ளே தங்கிய மணல் கால் சுற்றிலேயே திறந்து மூடும் (குவார்ட்டர் டர்ன்) குழாயின் செராமிக் தகட்டைக் கீறி, புதுக்குழாயையே ஒழுக வைக்கும்.

பெரிய சாமான்களுக்கு ஆயிரக்கணக்கில் கொடுத்துவிட்டு ஆங்கிள் காக் (சுவரிலிருந்து வரும் தண்ணீரைத் திறந்து மூடும் சிறு வால்வு), இணைப்பு ஹோஸ், வேஸ்ட் கப்ளிங் (வாஷ்பேசின் அடியில் தண்ணீர் இறங்கும் வாய்) ஆகியவற்றைப் பிளம்பர் கொண்டுவரும் பையிலிருந்து எடுத்துக்கொள்வது மிகச் சாதாரணமாக நடக்கிறது. வீட்டில் ஆள் இல்லாதபோது வெடித்து அறையை நிரப்புவது இந்த ஹோஸ்தான். கிளாசெட் அருகே கழுவிக்கொள்ள மாட்டும் ஹெல்த் ஃபாசட்டின் ஆங்கிள் காக்கைப் பயன்படுத்தியபின் மூடாமல் விட்டால் அழுத்தம் முழுவதும் அந்த மெல்லிய ஹோஸின் மேல் நிற்கிறது. தரைத் தண்ணீர் இறங்கும் நஹானி ட்ராப்பிலும் 50 மி.மீ. தண்ணீர் தேங்கி நிற்கும் ஆழமுள்ளதை வாங்கினால் கழிவுநாற்றம் மேலே வராது; ஆழம் குறைந்ததை வாங்கிவிட்டு வாசனைத் திரவம் ஊற்றிக்கொண்டிருப்பதில் பயனில்லை.

கிளாசெட்டைப் பொறுத்தவரை, ஃப்ளஷ் தொட்டியின் கொள்ளளவைப் பார்க்காமல் வாங்குவது ஆயுள் முழுதும் தண்ணீரை வீணாக்கும். நால்வர் உள்ள வீட்டில் நாளுக்கு இருபது முறை ஃப்ளஷ் செய்வதாகக் கொண்டால், பழைய 10 லிட்டர் தொட்டிக்கு 200 லிட்டர் செல்லும். 3 லிட்டர், 6 லிட்டர் என்று இரண்டு பொத்தான் உள்ள தொட்டியில் பதினைந்து முறை சிறியதையும் ஐந்து முறை பெரியதையும் அழுத்தினால் 75 லிட்டரே ஆகும். அதை மோட்டார் போட்டு மேலே ஏற்றும் மின்சாரமும் மிச்சம். வெளிநாட்டுப் பெயர் பொறித்திருந்தால்தான் பீங்கான் தரமாக இருக்கும் என்ற எண்ணமும் தேவையில்லை; நெய்வேலிப் பக்கத்து வெண்களிமண்ணை நம்பி வடலூரில் கிளாசெட் ஆலையும், விருத்தாசலத்தில் பீங்கான் தொழில்நுட்பக் கல்லூரியும் எழுந்த மாவட்டம் இது. பீங்கானில் பார்க்க வேண்டியது வேறு: கையை உள்ளே விட்டுத் தடவினால் ட்ராப்பின் உட்புறமும் வழவழப்பாக இருக்க வேண்டும், விரலால் தட்டினால் கணீரென்று ஒலிக்க வேண்டும்.

தாழ்வான மனைகளில் வீடு கட்டுகிறவர்கள் கழிவுக்குழாய்க்குப் பின்னோட்டத் தடுப்பு வால்வையும் பட்டியலில் சேர்க்க வேண்டும். 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் கரையேறியபின் புதுச்சேரியிலும், அடுத்து தென்பெண்ணை பெருகியபோது கடலூரிலும் வெள்ளம் புகுந்ததை நாம் பார்த்தோம். தெருச் சாக்கடையோ செப்டிக் டேங்கோ நிரம்பினால் தண்ணீர் வாசல் வழியே வருவதற்கு முன் கிளாசெட் வழியே வந்துவிடும்.

கடைசியாக விலை. முள்ளோடை தாண்டிப் புதுச்சேரியில் வாங்கினால் மலிவு என்ற பேச்சு கடலூரில் இன்னும் இருக்கிறது. அது தனித்தனி விற்பனை வரி இருந்த காலத்துக் கணக்கு. 2017 ஜூலை 1 முதல் இரண்டு பக்கமும் ஒரே ஜி.எஸ்.டி. விகிதம்தான். வித்தியாசம் கடைக்காரர் தரும் தள்ளுபடியில் மட்டுமே இருக்கும். அதுவும் அச்சிட்ட விலையில் எத்தனை சதவீதம் என்று கேட்டால் ஏமாறுவோம். மாடல் எண்களைக் குறித்துக்கொண்டு, வரியும் வண்டிச் சத்தமும் சேர்த்துக் கைக்கு வரும் விலையை இரண்டு மூன்று கடைகளில் எழுதி வாங்கி ஒப்பிட வேண்டும். பில் இல்லாமல் வாங்கினால் சற்றுக் குறையும் என்று சொல்லும் இடத்தில் வாரண்டியும் இல்லாமல் போகிறது. பில் அச்சாகும் வழவழப்பான தாளில் எழுத்து ஓராண்டுக்குள் மங்கிவிடக்கூடும் என்பதால், வாங்கிய அன்றே அதை வாரண்டி அட்டையோடு சேர்த்து நகலெடுத்து, மிச்சமான நான்கு டைல்ஸோடு பரணில் வைத்துவிடலாம்.