பல்லுக்கு கேப் போடும்போது: ஒட்டுவதற்கு முன்பே கவனிக்க வேண்டியவை

வேர் சிகிச்சை முடிந்த கடைவாய்ப்பல்லுக்கு கேப் போடச் சொன்னால், வலிதான் போய்விட்டதே என்று பலர் மாதக்கணக்கில் தள்ளிப்போடுகிறார்கள். நரம்பை எடுத்ததால் வலி போயிற்று. பல்லுக்குப் பலம் வரவில்லை. சொத்தையும் சிகிச்சைக்குப் போட்ட துளையும் நடுப்பகுதியைக் காலி செய்திருக்கும். மிஞ்சிய சுவர் ஈறுக்குக் கீழே வரை பிளந்துவிட்டால், பெரும்பாலும் பல்லைப் பிடுங்கத்தான் வேண்டும். சில வாரங்களுக்குள் போட்டுவிடுங்கள். முன்பல் அதிகம் உடையாமல் இருந்தால் ஃபில்லிங்கே போதலாம், கேட்டுப் பாருங்கள்.

பொதுவாக இரண்டு முறை போக வேண்டியிருக்கும். முதல் நாள் ஏறக்குறைய ஒரு மணி நேரம் ஆகும். பல்லைச் செதுக்கும் முன்பே நிறம் பார்க்க வேண்டும். வாயைத் திறந்தே வைத்திருந்தால் பல் உலர்ந்து வெளுத்துத் தெரியும், அப்போது பார்க்கும் நிறம் தப்பாகிவிடும். ஜன்னல் வெளிச்சத்தில், உதட்டுச்சாயம் இல்லாமல் பார்ப்பது நல்லது. கேப்பின் நிறத்தைப் பிறகு வெளுக்க முடியாது. மற்ற பற்களை வெளுப்பாக்கும் எண்ணம் இருந்தால் அதை முதலில் செய்து, இரண்டு வாரம் கழித்து நிறம் தேர்ந்தெடுங்கள்.

பிறகு மரத்துப்போக ஊசி. வேர் சிகிச்சை செய்த பல் என்றாலும் ஈறுக்காக ஊசி போடுவதுண்டு. கேப்புக்கு இடம் விட, கடிக்கும் பரப்பில் சுமார் 1 முதல் 2 மில்லிமீட்டர் வரை செதுக்குவார்கள். முழு உலோகத்துக்குக் குறைவாகவும், உலோகத்தின் மேல் பீங்கான் ஏற்றிய கேப்புக்கு அதிகமாகவும், ஜிர்கோனியாவுக்கு (பல் நிறத்தில் இருக்கும் உறுதியான பீங்கான் வகை) இடைப்பட்டும் செதுக்க வேண்டும். உலோகத்தின் மேல் பீங்கான் ஏற்றிய கேப்பில் இரண்டு தொல்லைகள் உண்டு: மேல் பீங்கான் சில்லு பெயரலாம், ஈறு இறங்கினால் ஓரத்தில் கறுப்புக் கோடு தெரியலாம். கடைவாய்க்கு ஒரே கட்டியில் செய்த ஜிர்கோனியாவை இப்போது அதிகம் பரிந்துரைக்கிறார்கள். யாரும் பார்க்காத கடைசிப் பல்லுக்கு, கடிக்க இடமும் குறைவாக இருந்தால், உலோக கேப்பை மட்டம் என்று ஒதுக்கத் தேவையில்லை. அதற்குப் பல்லை மிகக் குறைவாகச் செதுக்கினால் போதும்.

செதுக்கியதும் ஈறைச் சற்று விலக்க மெல்லிய நூலைச் சொருகி, மாவு போன்ற சிலிக்கானை வைத்து அளவு எடுப்பார்கள். அது இறுக நாலைந்து நிமிடம் ஆகும். குமட்டல் வந்தால் தலையை முன்னால் சாய்த்து மூக்கால் மூச்சு விடுங்கள். ஸ்கேனர் உள்ள இடத்தில் இந்தத் தொல்லை குறைவு. லேபிலிருந்து கேப் வர ஒரு வாரம் போல ஆகும். அதுவரை தற்காலிக கேப்பை லேசான சிமெண்டால் ஒட்டி அனுப்புவார்கள். ஊசியின் மரப்பு போக இரண்டு, மூன்று மணி நேரம் ஆகலாம். அதற்குள் சாப்பிட்டால் கன்னத்தைக் கடித்துக்கொள்வீர்கள்.

தற்காலிக கேப் பக்கமாக ஜவ்வு மிட்டாய், கடலை மிட்டாய், கொட்டைப்பாக்கு வேண்டாம். பல் இடுக்கில் நூல் விட்டுச் சுத்தம் செய்தால் மேலே தூக்காமல் பக்கவாட்டில் உருவி எடுங்கள். கழன்றால் அப்படியே விட்டுவிடாதீர்கள். பக்கத்துப் பல் நகர்ந்து, லேபிலிருந்து வரும் கேப் உட்காராமல் போகும். வீட்டிலிருக்கும் சூப்பர் க்ளூவால் ஒட்டவும் கூடாது.

இரண்டாம் முறை போகும் நாள்தான் முக்கியம். நிரந்தர சிமெண்ட் வைத்துவிட்டால் குறையுள்ள கேப்பைப் பெரும்பாலும் வெட்டித்தான் எடுக்க வேண்டியிருக்கும். வெறுமனே பொருத்தி, கண்ணாடி தரும்போது கூச்சப்படாமல் நேரம் எடுத்துக்கொள்ளுங்கள். நிறம், வடிவம் பாருங்கள். பக்கத்துப் பல்லோடு ஒட்டும் இடத்தில் நூல் சற்று இறுக்கமாக 'டிக்' என்று இறங்க வேண்டும். தடையில்லாமல் இறங்கினால் அங்கே தினமும் சாப்பாடு சிக்கும், ஈறு வீங்கும். ஓரத்தில் இடைவெளி இருக்கிறதா என்பதை டாக்டர் ஊசிமுனைக் கருவியால் தடவிப் பார்ப்பார். கேப்பின் ஆயுள் பெரும்பாலும் அந்த ஓரத்தில்தான் இருக்கிறது.

அடுத்து கடி. வண்ணக் காகிதத்தைக் கடிக்கச் சொல்வார்கள். நேராக மட்டும் கடிக்காமல், பக்கவாட்டிலும் அரைத்துக் காட்டுங்கள். 'இந்தப் பல் முதலில் படுகிறது' என்று தோன்றினால் உடனே சொல்லுங்கள். 'நாளாக நாளாகச் சரியாகிவிடும்' என்று விடக்கூடாது. தூக்கலான கேப் பல்லின் வேரைச் சுற்றியுள்ள திசுவை நோகவைக்கும், கடித்தாலே வலிக்கும். அன்றும் ஊசி போட்டு வாய் மரத்திருந்தால் கடியை நம்பிச் சொல்ல முடியாது. இரண்டு மூன்று நாளில் திரும்பப் போய்த் தேய்த்துக்கொள்ளுங்கள், ஐந்து நிமிட வேலைதான். ஜிர்கோனியாவைத் தேய்த்தால் பாலிஷ் போட்டாக வேண்டும். சொரசொரப்பாக விட்டால் எதிர்ப்பல்லை அரித்துவிடும்.

ஒட்டியதும் ஈறோரம் வழிந்த சிமெண்டை முழுதும் எடுத்துவிட்டார்களா என்று கேளுங்கள், மிச்சம் இருந்தால் ஈறு சிவந்து இரத்தம் கசியும். அன்று முழுதும் அந்தப் பக்கம் கடினமானதைத் தவிருங்கள். நரம்பு உயிரோடுள்ள பல்லில் சில்லென்ற தண்ணீருக்குச் சில வாரம் கூச்சம் இருப்பது சகஜம். கூச்சம் குறையாமல், தானாகவே துடிக்கும் வலியாகவோ ராத்திரியில் எழுப்பும் வலியாகவோ மாறினால் நரம்பு கெட்டிருக்கலாம், உடனே காட்டுங்கள்.

ஜிர்கோனியாவுக்கு வாரண்டி அட்டை தருவார்கள். அது கேப் உடைந்தால் உதவும். அடியில் பல் சொத்தையானால் உதவாது. கேப்புக்குச் சொத்தை வராது, அது முடியும் ஓரத்துப் பல்லுக்கு வரும். அங்கே தினமும் பிரஷ்ஷும் நூலும் போக வேண்டும். தூக்கத்தில் பல் கடிக்கும் பழக்கம் இருந்தால் ராத்திரி போடும் கவசம் கேளுங்கள். கேப் ஆடினாலோ அடியிலிருந்து நாற்றம் வந்தாலோ வலிக்காகக் காத்திருக்க வேண்டாம். வேர் சிகிச்சை செய்த பல் பெரும்பாலும் வலித்துச் சொல்லாது. கழன்று விழுந்தால் கழுவி ஒரு டப்பாவில் எடுத்துப் போங்கள். உள்ளே பல் உடையாமல், சொத்தை இல்லாமல் இருந்தால் அதையே திரும்ப ஒட்டிவிடலாம்.