குத்துச்சண்டைக்குத் தண்டால்: எண்ணிக்கை ஏறியும் பலன் கிடைக்காமல் போவது ஏன்?

குத்துச்சண்டை பழகுவோரில் பலர் தண்டாலில் தங்கள் வளர்ச்சியை எண்ணிக்கையை வைத்தே அளக்கிறார்கள். ஒரே மூச்சில் முப்பது எடுத்தவர் அறுபதுக்குப் போகிறார், அறுபதிலிருந்து நூறுக்குப் போகிறார், ஆனால் குத்திப் பழகும் பேக்கில் விழும் அவருடைய குத்து மட்டும் அப்படியே இருக்கிறது. தசை பெருகுவதற்கும், பலம் கூடுவதற்கும், நொடிப்பொழுதில் வெடித்துக் கிளம்பும் வேகம் வருவதற்கும் உடலிடம் நாம் கேட்க வேண்டிய வேலை வெவ்வேறானது. மூன்றையும் ஒரே நீண்ட செட்டுக்குள், அதாவது ஓய்வின்றித் தொடர்ந்து எடுக்கும் ஒரு தொகுப்புக்குள், அடைக்க முயல்வதுதான் முதல் தவறு. மற்றவற்றில் பாதி இதிலிருந்தே பிறக்கின்றன.

சாதாரணத் தண்டாலில் கைகள் தாங்குவது உடல் எடையில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு. 70 கிலோ எடையுள்ளவருக்கு அது 45 கிலோவை ஒட்டி வரும். அந்தச் சுமையை முப்பது தடவை நிதானமாகத் தள்ள முடிந்தவருக்கு, அதற்கு மேல் கூட்டும் ஒவ்வொரு தடவையும் பெரும்பாலும் தாக்குப்பிடிக்கும் திறனையே வளர்க்கும். மூன்று நிமிட ரவுண்டு முழுக்கக் கையைத் தாழ்த்தாமல் வைத்திருக்க அந்தத் திறனும் தேவைதான், ஆனால் அது பலம் ஆகிவிடாது. பலம் வேண்டுமென்றால் சுமையைக் கூட்ட வேண்டும்: கால்களை உயரத்தில் வைக்கலாம், எடை கட்டிய மேலங்கி அணியலாம், ஒரு கையை மடக்கி மறு கையை நீட்டி வைத்துச் செய்யும் ஆர்ச்சர் வகைக்குப் போகலாம், பிறகு ஒற்றைக் கைத் தண்டாலுக்கு வரலாம். ஐந்தாறு தடவைக்கு மேல் சுத்தமாகச் செய்ய முடியாத வகையைத் தேர்ந்தெடுத்து, செட்டுகளுக்கு இடையில் மூன்று நிமிடமாவது ஓய்வெடுப்பதே இதற்குப் பொருத்தமான முறை. தசை பெருக்கமே நோக்கமானால் எட்டு முதல் இருபது தடவை வரை வரும் வகை போதும். இறங்குவதை மெதுவாகச் செய்து, இன்னும் ஒன்றிரண்டுதான் முடியும் என்ற நிலை வரும்போது நிறுத்திக்கொள்ளலாம்.

அதிகம் வீணடிக்கப்படுவது கை தட்டும் தண்டால். பயிற்சி முடியும் நேரத்தில், தோள் ஏற்கெனவே தளர்ந்த பிறகு, இருபது முப்பது தடவை கை தட்டி மூச்சிரைக்க எழுவதை வெடிப்புத்திறன் பயிற்சி என்று நம்புகிறார்கள். தளர்ந்த தசை மெதுவாகத்தான் தள்ளும். மெதுவாகத் தள்ளிப் பழகிய உடலிடம் போட்டி மேடையில் வேகத்தை எதிர்பார்க்க முடியாது. இந்தப் பயிற்சி, உடலைச் சூடேற்றிய உடனே, வேறு எந்தத் தள்ளும் பயிற்சிக்கும் முன்னால் வர வேண்டும். ஒரு செட்டுக்கு மூன்று முதல் ஐந்து தடவை, அப்படி நான்கைந்து செட், நடுவில் இரண்டு மூன்று நிமிட ஓய்வு என்பதே தாராளம். வியர்வை வராமலே முடிந்துவிட்டதே என்று தோன்றினாலும் கூட்டக் கூடாது. உள்ளங்கை தரையில் தங்கும் நேரம் நீளும்போதோ எழும் உயரம் குறையும்போதோ அந்த செட் முடிந்துவிட்டது என்று கொள்ள வேண்டும்.

இதில் கை தட்டுவதே குறிக்கோள் ஆகிவிடுவதும் உண்டு. சத்தம் வர வேண்டும் என்ற அவசரத்தில் இடுப்பை மேலே எக்கிக் கைக்கு நேரம் வாங்குவார்கள். அப்போது மார்பும் தோளும் செய்ய வேண்டிய வேலையை இடுப்பு திருடிக்கொள்கிறது. உடல் ஒரே கோட்டில் இருக்க, கைகள் தரையை விட்டு நாலு விரல் உயரம் கிளம்பினாலே போதும். கீழே வரும்போது முழங்கையை விறைப்பாக நீட்டி வைக்காமல் சற்று மடக்கி வாங்க வேண்டும், இல்லையேல் முழு அதிர்வும் மூட்டில் இறங்கும். சாதாரணத் தண்டாலே இருபது சுத்தமாக வராதவர்கள், கைகளை உறுதியான மேடையில் ஊன்றி இதைத் தொடங்குவது நல்லது. இதற்கு இணையாக நான் பரிந்துரைப்பது, மார்பைத் தரையில் முழுக்க இறக்கி, ஒரு நொடி அசையாமல் இருந்துவிட்டு, அங்கிருந்து ஒரே உந்தலில் கிளம்பும் வகை. முகத்தைக் காக்கக் கைகளை உயர்த்தி வைக்கும் கார்டு நிலையிலிருந்து முன்னறிவிப்பின்றிப் புறப்பட வேண்டிய ஜாபுக்கு (முன்னால் உள்ள கையால் விடும் நேர்க்குத்து), இப்படி நின்ற இடத்திலிருந்து எழும் வேகம் நேரடியாகத் தேவைப்படுகிறது.

பலர் கவனிக்காமல் விடும் இன்னொன்று தண்டாலின் உச்சி. முழங்கை நீண்டதுமே முடிந்தது என்று இறங்கிவிடுகிறார்கள். விலா எலும்புகளின் பக்கவாட்டிலிருந்து தோள்பட்டை எலும்புக்குப் போகும் செரட்டஸ் ஆன்டீரியர் என்ற தசையே அந்த எலும்பை முன்னுக்குத் தள்ளி, நேர்க்குத்துக்குக் கடைசி எட்டலைத் தருகிறது. முழங்கையை நீட்டிய நிலையிலேயே வைத்துக்கொண்டு, மார்பைச் சற்றே கீழே தொய்யவிட்டு, பிறகு மேல்முதுகு இலேசாக வளையும் வரை தரையை இன்னும் அழுத்தித் தள்ளிப் பாருங்கள். அக்குளுக்குக் கீழே ஒரு பிடிப்புத் தெரியும். பெஞ்சில் படுத்து எடையை மேலே தள்ளும் பெஞ்ச் பிரஸ் பழகியவர்கள் தோள்பட்டைகளைப் பின்னால் இறுக்கியே வைத்திருக்கும் பழக்கத்தை இங்கேயும் கொண்டுவருவதால், தண்டாலின் இந்தப் பெரிய அனுகூலத்தை இழக்கிறார்கள்.

உடலை வைக்கும் முறையில் வரும் பிழைகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். முழங்கைகள் தோளுக்கு நேராக இருபுறமும் விரிந்தால் தோள்மூட்டு உறுத்தும். உடலோடு ஏறத்தாழ 45 டிகிரிக்குள் வைத்தால் குத்து செல்லும் பாதைக்கும் நெருக்கமாக இருக்கும். இடுப்பு தொங்கக் கூடாது. பாதி தூரம் இறங்கி எழுவதைக் கணக்கில் சேர்க்கக் கூடாது.

முஷ்டித் தண்டாலைப் பற்றிய தவறான எண்ணம் மிகப் பழையது. அதன் பயன் மணிக்கட்டை நேராக, உறுதியாக வைத்துக்கொள்ளப் பழகுவது. கணுக்களைக் கல்லாக்குவது அல்ல. ஆள்காட்டி விரல், நடுவிரல் கணுக்கள் இரண்டிலும் எடை நிற்குமாறு விரிப்பின் மேல் செய்ய வேண்டும். சிமென்ட் தரையில் தோல் கிழிந்து வீங்கிய கையோடு அடுத்த நாள் கிளவுஸ் போட முடியாது. முஷ்டியில் எகிறி இறங்குவதை அறவே விட்டுவிட வேண்டும்.

தண்டால் மட்டும் குத்தின் வலுவைத் தந்துவிடும் என்று எதிர்பார்ப்பதும் ஏமாற்றத்தில்தான் முடியும். வலு பாதத்தில் தொடங்கி, இடுப்பு திரும்பும்போது பெருகி, தோள் வழியாகக் கைக்கு வருகிறது. தண்டால் வலுப்படுத்துவது அந்தச் சங்கிலியின் கடைசிக் கண்ணிகளை. எனவே மெடிசின் பந்து என்ற கனமான பந்தைப் பக்கவாட்டில் திரும்பிச் சுவரில் எறிவது போன்ற பயிற்சியும், கால்களுக்கான பயிற்சியும் உடன் இருக்க வேண்டும். தள்ளும் பயிற்சிக்குக் குறையாத அளவில் புல்-அப், ரோயிங் போன்ற இழுக்கும் பயிற்சியும் வேண்டும், ஏனெனில் குத்திய கையைக் கார்டுக்குத் திருப்பிக் கொண்டுவருவது முதுகுத் தசைகள். துணையோடு மோதிப் பழகும் ஸ்பாரிங் உள்ள நாளிலும் அதற்கு முந்தைய நாளிலும் கடினமான வகைகளை ஒதுக்கிவைப்பது நல்லது. களைத்த தோளோடு ரிங்கில் ஏறுபவரின் கை, இரண்டாம் ரவுண்டிலேயே தாடையை விட்டு இறங்கிவிடும்.