வாலாகாமல் தலையாகும் அவசரத்தில் நாம் செய்கிற தவறுகள்

டிசம்பர் 31 நள்ளிரவு ஆராதனையில், வரும் வருஷத்துக்கென்று ஒரு வேத வசனம் அச்சிட்ட வாக்குத்தத்த அட்டை எடுக்கும்போது 'உன்னை வாலாக்காமல் தலையாக்குவார்' என்று வந்துவிட்டால் நம்மில் பலருக்கு அந்த வருஷ அப்ரைசல் அப்போதே கைக்கு வந்த மாதிரிதான். எனக்கும் ஒரு வருஷம் வந்தது. அட்டையை மானிட்டருக்குக் கீழே ஒட்டிவைத்துக்கொண்டு, சனிக்கிழமை முழுக்க வேலை, ஞாயிறு ஆராதனை முடிந்து சாப்பிட்டதும் மறுபடி லேப்டாப் என்று ஓடினேன். பதவி உயர்வும் வந்தது. சபையில் சாட்சி சொல்ல மைக்கைக் கொடுத்தார்கள், நன்றாகவே சொன்னேன். அந்த வருஷம் கேட்ட பிரசங்கங்களில் ஒன்றுகூட நினைவில் இல்லை என்பதை மட்டும் சொல்லவில்லை.

முதல் தவறு அந்த அட்டையிலேயே இருக்கிறது, அதாவது அட்டையில் அச்சாகாத பாதியில். உபாகமம் 28:13-ஐ முழுசாகப் படித்தால், கட்டளைகளைக் கைக்கொண்டு நடந்தால் என்ற நிபந்தனையும் அங்கேயே இருக்கும். அந்தக் கட்டளைகளில் ஒன்று ஓய்வுநாளைப் பற்றியது (நம் சபைகளின் கணக்கில் நான்காவது, கத்தோலிக்கர்கள் எண்ணும்போது மூன்றாவது). ஓய்வுநாளைத் தொலைத்துவிட்டு அந்த வசனத்தை உரிமை பாராட்டுகிறோம் என்றால் நாம் எந்த உபாகமத்தைப் படிக்கிறோம் என்று யோசிக்க வேண்டியதுதான். பிலிப்பியர் 4:13-க்கும் இதே கதி. எல்லாவற்றையும் செய்ய எனக்குப் பெலனுண்டு என்பதைத் தேர்வு அட்டையிலும் பைக்கிலும் எழுதிவைக்கிறோம், பவுல் அதை எழுதும்போது காவலில் இருந்தார், அதற்கு முந்தின வசனத்தில் திருப்தியாயிருக்கவும் பட்டினியாயிருக்கவும் கற்றுக்கொண்டதாகச் சொல்கிறார். உங்களுக்காக நான் நினைப்பது தீமைக்கல்ல, சமாதானத்துக்கே என்று கர்த்தர் சொல்கிற எரேமியா 29:11 இன்னும் வேடிக்கை. அதற்கு முந்தின வசனத்தில் எழுபது வருஷம் ஆகும் என்று போட்டிருக்கிறது. அதை யாரும் அட்டையில் அச்சடிப்பதில்லை.

இதற்கு நேர்எதிரான தவறும் உண்டு. ஆசைப்படுவதே பாவம் என்று நினைத்துக்கொண்டு, "எனக்கென்ன, கர்த்தர் சித்தம்" என்று சொல்லி அந்தப் பதவிக்கு விண்ணப்பமே போடாமல் இருந்துவிட்டு, அப்புறம் அது பக்கத்து இருக்கைக்காரருக்குக் கிடைத்ததும் ஒரு வாரம் சரியாகச் சாப்பிடாமல் இருப்பது. இயேசுவின் சீஷர்களான யாக்கோபும் யோவானும் அவருடைய வலதுபக்கமும் இடதுபக்கமும் உட்கார இடம் கேட்டார்கள். மத்தேயுவில் அவர்களுடைய அம்மாவே வந்து கேட்கிறார், நம் ஊர் அம்மாக்கள் ஜெபக்குறிப்பு கொடுப்பது போலவே இருக்கும். பெரியவனாக ஆசைப்படாதே என்று இயேசு சொல்லவில்லை. ஆசைப்பட்டால் பணிவிடைக்காரனாக இரு என்று வழியைத்தான் மாற்றினார். சோம்பேறியை எறும்பிடம் போய்ப் படி என்று நீதிமொழிகள் அனுப்புகிறது. ஆகவே உழைப்பு, உயர்வு எல்லாம் சரிதான்.

நான் முக்கியமாகச் சொல்ல வந்தது வேறு. வேலை முடிந்த பிறகு ஓய்வு எடுக்கலாம் என்று நினைக்கிறோமே, அதுதான் எல்லாவற்றுக்கும் வேர். வேலை எப்போது முடிந்திருக்கிறது? ஐடி வேலையில் ஒரு டிக்கெட்டை (புகாரை) மூடினால் மூன்று திறக்கும், கடை வைத்திருப்பவருக்குக் கணக்கு, ஆசிரியருக்கு விடைத்தாள். வேதாகமத்தில் ஓய்வு வேலையின் முடிவில் கிடைக்கிற கூலி மாதிரி வருவதில்லை. ஆதியாகமத்தில் மனுஷன் உண்டாக்கப்பட்டது ஆறாம் நாள், அப்படியானால் அவன் பார்த்த முதல் முழு நாளே ஓய்வுநாள்தான், ஒரு வேலையும் செய்யாமலே கிடைத்தது. வனாந்தரத்தில் இஸ்ரவேலருக்கு வானத்திலிருந்து கிடைத்த மன்னா என்ற ஆகாரத்தைப் பாருங்கள். தினமும் அன்றன்றைக்கு வேண்டியதைத்தான் சேர்க்க வேண்டும், மிச்சம் வைத்தால் புழுத்துப்போகும். ஆறாம் நாளில் மட்டும் தலைக்கு இரண்டு ஓமர், அதாவது வழக்கமான அளவில் இரட்டிப்பு, அது கெடவில்லை. அப்படியிருந்தும் ஏழாம் நாள் காலையில் சிலர் சேர்க்கப் போனார்கள், ஒன்றும் கிடைக்கவில்லை. ஞாயிறு மதியம் நான் லேப்டாப்பைத் திறந்து செய்த வேலையில் பாதியைத் திங்கட்கிழமை திரும்பச் செய்ய வேண்டியிருந்தது, அதனால் அந்த ஆட்களை எனக்கு நன்றாகப் புரிகிறது.

இன்னொரு விஷயம். யாத்திராகமம் 20-இல் ஓய்வுநாளுக்குச் சொல்லும் காரணம் படைப்பு. உபாகமம் 5-இல் அதே கட்டளைக்குக் காரணம் மாறிவிடுகிறது: நீ எகிப்தில் அடிமையாயிருந்தாய், நினைத்துக்கொள் என்கிறது. அடிமைக்கு லீவு கிடையாது. கர்த்தருக்குப் பலியிடப் போக வேண்டும் என்று ஜனங்கள் கேட்டபோது பார்வோன் என்ன சொன்னான்? சோம்பலாயிருக்கிறீர்கள், அதனால்தான் போக வேண்டும் என்கிறீர்கள் என்றான். வைக்கோல் தருவதை நிறுத்தினான், செங்கல் கணக்கை மட்டும் குறைக்கவில்லை. ஆள் குறைத்துவிட்டு டார்கெட்டைக் குறைக்காத இடத்தில் வேலை பார்த்தவர்களுக்கு இதற்கு விளக்கவுரையே தேவையில்லை. ஆனால் அந்தக் குரல் மேனேஜரிடமிருந்துதான் வரவேண்டும் என்றில்லை, ஒரு மதியம் சும்மா படுத்தால் "நீ சோம்பேறி" என்று நமக்குள்ளிருந்தே வரும்.

சபைக்காரர்களுக்கென்றே ஒரு தவறு இருக்கிறது, ஊழியத்தை ஓய்வுக் கணக்கில் எழுதுவது. வெள்ளி முழு இரவு ஜெபம், சனி மாலை பாடகர் குழு பயிற்சி, ஞாயிறு காலை முதல் ஆராதனை, அப்புறம் ஞாயிறு பள்ளி வகுப்பு, கமிட்டி, மாலை வாலிபர் கூட்டம், திங்கட்கிழமை எட்டு மணிக்கு அலுவலகப் பேருந்து. எல்லாம் நல்ல காரியங்கள்தான், ஆனால் உடம்புக்கு அது இன்னொரு ஷிப்ட். எலியா தீர்க்கதரிசி சாக வேண்டும் என்று கேட்டுக்கொண்டு சூரைச்செடியின் கீழ் படுத்துத் தூங்கியபோது தூதன் பிரசங்கம் பண்ணவில்லை. எழுப்பி அடையும் தண்ணீரும் கொடுத்தான். மறுபடி தூங்கவிட்டு, மறுபடி எழுப்பிச் சாப்பிடச் சொன்னான். பேச்செல்லாம் நாற்பது நாள் நடந்து ஓரேப் மலைக்குப் போன பிறகுதான். சாப்பிடக்கூட நேரமில்லாமல் இருந்த சீஷர்களைத் தனியே வந்து சற்று இளைப்பாறச் சொன்னவரும் இயேசுதான், அலையடிக்கிற படகில் தலையணை வைத்துத் தூங்கினவரும் அவர்தான். ஆகவே செயலாளர் நாலாவது பொறுப்பைக் கொடுக்க வரும்போது "அண்ணே, இந்த வருஷம் பாடகர் குழு மட்டும் பார்க்கிறேன்" என்று சொல்வதில் அவிசுவாசம் எதுவும் இல்லை.

நம் ஓய்வு யார் தலையில் ஏறுகிறது என்பதையும் பார்க்க வேண்டும். முதல் ஆராதனைக்குப் போய்விட்டு வந்து சேலையைக்கூட மாற்றாமல் இஞ்சி பூண்டு அரைக்க ஆரம்பிக்கிற அம்மாவுக்கு எது ஓய்வுநாள்? மட்டன் குழம்பு சாப்பிட்டு நாம் குறட்டை விடுகிறோம், அவர் பாத்திரம் கழுவுகிறார். கட்டளையில் மகன், மகள், வேலைக்காரன், வேலைக்காரி, மிருகஜீவன், அந்நியன் எல்லாரும் இருக்கிறார்கள், மனைவி மட்டும் தனியாக இல்லை. 'நீ' என்பதில் அவரும் அடக்கம் என்று விளக்கம் சொல்வார்கள், ஆனால் நம் வீடுகளில் நடப்பது அந்த விளக்கம் மாதிரி இல்லை. சனிக்கிழமையே சமைத்துவைத்தால் குழம்பு மறுநாள் இன்னும் ருசியாகத்தான் இருக்கும்.

பிள்ளைகள் விஷயத்தில் சுருக்கமாகச் சொல்கிறேன். பத்தாம் வகுப்பு வந்ததும் ஞாயிறு பள்ளியை நிறுத்தி டியூஷனில் போடுகிறோம். நீட் தேர்வே பெரும்பாலும் ஞாயிற்றுக்கிழமையில்தான் வருகிறது, அந்த ஒரு நாளைப் பற்றி நான் சண்டை போடவில்லை. அதற்கு முந்தின வருஷங்களின் ஞாயிறுகளும் போகிறதே, அதைத்தான் கேட்கிறேன்.

கடைசியாக, இதையெல்லாம் படித்துவிட்டு வீட்டில் சட்டம் போட ஆரம்பிப்பது. எரிக் லிடலைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள், 1924 பாரிஸ் ஒலிம்பிக்கில் 100 மீட்டர் தகுதிச் சுற்று ஞாயிறு என்பதால் ஓட மறுத்தவர். பிரசங்கங்களில் பாதியைத்தான் சொல்வார்கள். அட்டவணை அவருக்குப் பல மாதங்களுக்கு முன்பே தெரியும், ஓட்டத்தை விட்டுவிடாமல் 400 மீட்டருக்குப் பயிற்சி எடுத்து 47.6 விநாடியில் தங்கம் வாங்கினார், 200 மீட்டரில் வெண்கலம். அடுத்த வருஷம் மிஷனெரியாகச் சீனாவுக்குப் போனவர், போர்க்காலத்தில் ஜப்பானியரின் வெய்சியன் முகாமில் அடைபட்டு 1945-இல் அங்கேயே இறந்தார். அந்த முகாமில், ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகள் விளையாட்டில் அடித்துக்கொண்டபோது, ஞாயிறு ஓடாத அதே மனிதர் வந்து அவர்களுக்கு நடுவராக நின்றார். ஓய்வுநாள் மனுஷனுக்காக உண்டாக்கப்பட்டது என்பதை இதைவிட நன்றாக எனக்கு யாரும் விளக்கியதில்லை. நர்ஸ், போலீஸ், பேருந்து ஓட்டுநர் எல்லாரும் ஞாயிறு விடுப்பு கேட்க முடியாது. கத்தாரிலும் குவைத்திலும் நம் ஆட்கள் வெள்ளிக்கிழமை ஆராதனைக்குக் கூடுகிறார்கள். எந்த நாள் கிடைக்கிறதோ அந்த நாளை வாராவாரம் மாறாமல் வைத்துக்கொண்டால் போதும்.

நான் இப்போது செய்வது இதுதான். ஆதியாகமத்தில் சாயங்காலம் முதலில் வருகிறது, விடியற்காலம் அப்புறம்தான் வருகிறது. அதனால் சனிக்கிழமை மாலை ஆறு மணிக்கு லேப்டாப்பைப் பீரோவில் வைத்துப் பூட்டிவிடுகிறேன், சாவி மனைவியிடம். முதல் சில வாரங்கள் கை பரபரத்தது, ஞாயிறு மதியம் என்ன செய்வதென்றே தெரியவில்லை. போன வாரம் ஏழு மணிக்கு ஒரு அழைப்பு வந்தது, சாவியைக் கேட்டு வாங்கிவிட்டேன். அவள் ஒன்றும் சொல்லவில்லை, இந்த வாரம் சாவி எங்கே இருக்கிறது என்றும் சொல்லவில்லை.